விசாத் தாளும் ஒரு பட்டியல்தான்



மயிலாடி வட்டாரத்தில் பலசரக்குக் கடை நடத்தும் எவருக்கும் இந்தப் பேச்சு பழக்கமானது: "பையன் துபாய்க்குப் போயிட்டான் அண்ணாச்சி, ரெண்டு மாசத்துல பணம் வந்திரும், ஒரு மூடை அரிசி போடுங்க." நாமும் பற்றில் எழுதிக்கொண்டு கொடுத்துவிடுகிறோம். அந்தப் பற்றுக்கு ஆதாரம் ஒரு விசாதான். ஆகவே விசாவில் என்ன எழுதியிருக்கிறது என்பது நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்தில் புகுந்தது. ஏறத்தாழ 1,70,000 இந்தியர்கள் விமானங்களில் அழைத்து வரப்பட்டார்கள். அந்த ஆண்டு எங்கள் கடைப் பேரேட்டில் நின்ற பாக்கி வசூலாக வெகுகாலம் ஆயிற்று. அது யாரும் எதிர்பாராத இடி. ஆனால் இன்று ஏற்படும் நஷ்டங்களில் பல, முன்கூட்டியே விசாரித்தால் தவிர்க்கக் கூடியவை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பத்துப் பையன் ஒருவனுக்காக ஒரு தரகரிடம் ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்தோம். வந்தது வேலை விசா அல்ல, சுற்றுலா விசா. "அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்றார் தரகர். மாறவில்லை. பையன் மூன்று மாதத்தில் வெறுங்கையோடு திரும்பினான். லாரியில் வரும் ஒவ்வொரு சரக்குக்கும் பட்டியலைச் சரிபார்க்கும் நாங்கள், அந்த ஒரு தாளைப் படிக்காமல் விட்டோம்.

முதலில் வேலை விசா. அமீரகத்தில் சுற்றுலா விசாவில் வேலை பார்ப்பது குற்றம். வேலைக்குப் போகிறவரிடம் முதலாளி பெயர், வேலை, சம்பளம் எழுதிய ஒப்பந்தம் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் 'ஈ.சி.ஆர்.' வகையாக இருக்கும். அவர்கள் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் இதற்கான அலுவலகங்கள் உண்டு. பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. முகவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்தி வருகிறது.

அடுத்து, முதல் போட்டுத் தொழில் செய்யப் போகிறவர்கள். அமீரகத்தில் முன்பு கடை, கம்பெனி தொடங்க 51 சதவீதப் பங்கு உள்நாட்டவர் பேரில் இருக்க வேண்டும். 2021 ஜூன் முதல் பல தொழில்களில் வெளிநாட்டவரே முழுப் பங்கும் வைத்துக்கொள்ளலாம். பத்தாண்டு 'கோல்டன் விசா' வேண்டுமானால் 20 லட்சம் திர்ஹம் மதிப்புள்ள சொத்து ஒரு வழி. உயர் சம்பளம் வாங்கும் படித்த வல்லுநர்களுக்குத் தனி வழி உண்டு. 2025 ஜூலையில், ஒரு லட்சம் திர்ஹம் கட்டினால் ஆயுள் முழுவதும் விசா என்று ஒரு செய்தி பரவியது. அந்நாட்டு அரசு ஆணையமே அதை மறுத்துவிட்டது. மலிவாகக் கிடைக்கும் சரக்கை முகர்ந்து பார்க்கிற நாம், மலிவு விசாவையும் அப்படியே பார்க்க வேண்டும்.

பணம் அனுப்புவதிலும் கவனம் தேவை. ரிசர்வ் வங்கி விதிப்படி தனிநபர் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வங்கி மூலம் அனுப்பலாம். கூட்டு வணிகக் கணக்கிலிருந்து இந்த வழியில் அனுப்ப முடியாது. 2025 ஏப்ரல் முதல், முதலீட்டுக்காக ஆண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் தொகைக்கு 20 சதவீத வரியை வங்கி முன்கூட்டியே பிடிக்கும். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். உண்டியல் வழி அனுப்பினால் பணமும் போகும், வழக்கும் வரும்.

இனி யாராவது விசாவைக் காட்டிப் பற்றோ ஜாமீனோ கேட்டால், மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்த வகை விசா? ஒப்பந்தத்தில் முதலாளி யார், சம்பளம் எவ்வளவு? முகவருக்குப் பதிவு உண்டா, கொடுத்த பணத்துக்கு ரசீது உண்டா?

கேட்பது சந்தேகப்படுவதாகாது. நம் கடை வாசலில் கேட்ட ஒரு கேள்வி, ஒரு வீட்டு நகையை அடகுக்குப் போகாமல் காப்பாற்றலாம். வாடிக்கையாளர் வீடு நன்றாக இருந்தால்தான் நம் கல்லாவும் நன்றாக இருக்கும்.