அறையெல்லாம் கதகதப்பு, குழாயில் மட்டும் குளிர்!

வெந்நீர் ஸ்நானம் நம் ஊரில் ஒரு சுகம். ஜனவரி மாதத்து லண்டனிலோ அது இன்றியமையாத தேவை. தெருக் குழாயிலிருந்து வீட்டுக்குள் வரும் ஜலம் அப்போது 5 டிகிரி சென்டிகிரேடு வரை இறங்கிவிடுவதுண்டு. அதில் கை அலம்பவே விரல்கள் மறுக்கும் என்றால், பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது எவ்வாறு? பெண்ணின் பிரசவத்துக்கென்று கடல் கடந்து செல்லும் நம் தாய்மார்கள் பலர். அவர்களுக்கு ஒரு நாள் இந்தச் சங்கடம் நேரக்கூடும்: சுவரோரத்து ரேடியேட்டர்கள் தொட்டால் சுடுகின்றன, அறைகள் இதமாக இருக்கின்றன, ஆனால் ஸ்நான அறைக் குழாயில் மட்டும் பனிக்கட்டியை ஒத்த தண்ணீர்! நெருப்பு எரிகிறதே, வெந்நீர் எங்கே போயிற்று?

நம் வீடுகளில் இருந்த தாமிர பாய்லரில் ரகசியம் எதுவும் இல்லை. நடுக் குழாயில் கரி எரியும். அதைச் சுற்றித் தண்ணீர் இருக்கும். மேலே ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மூக்கின் வழியே ஒரு சொம்பு வெந்நீர் வரும். கோளாறு எதுவானாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆங்கில வீட்டுச் சுவரில் தொங்கும் 'காம்பி பாய்லர்' என்னும் வெள்ளைப் பெட்டியோ, தன் வேலையை மூடி மறைத்துக்கொண்டு செய்கிறது.

அதன் உள்ளே இருப்பது ஒரே நெருப்பு. அதற்கு வேலைகள் இரண்டு. பாய்லரில் சூடேறும் தண்ணீர், மூடிய குழாய்களின் வழியே ரேடியேட்டர்களுக்குச் சென்று மீண்டும் திரும்பி வருகிறது. இது முதல் வேலை. நாம் வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் ஓர் உணர் கருவி அந்த ஓட்டத்தை அறிகிறது. உடனே ஒரு வால்வு திரும்பி, சூடான தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் சிறியதொரு தகட்டு அடுக்கின் பக்கம் செலுத்துகிறது. தகடுகளின் ஒரு புறம் பாய்லர் ஜலம், மறு புறம் குழாய் ஜலம். இரண்டும் கலப்பதில்லை, உஷ்ணம் மட்டும் கைமாறுகிறது. இது இரண்டாவது வேலை. வெந்நீரைச் சேமித்து வைக்கும் தொட்டி எதுவும் இதில் இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆகவே, அறைகள் சூடாக இருந்து குழாய் மட்டும் குளிர்ந்தால், குற்றம் பெரும்பாலும் நெருப்பில் இல்லை. அதன் உஷ்ணம் குழாய்க்கு வரும் வழியில் இருக்கிறது.

வரிசையாகக் கேட்க வேண்டியவை

முதற் கேள்வி: இரண்டும் நின்றனவா, ஒன்று மட்டுமா? இரண்டுமே நின்றிருந்தால் பாய்லரின் முகப்பிலுள்ள அழுத்தமானியைப் பார்க்க வேண்டும். பாய்லர் குளிர்ந்திருக்கையில் முள் 1 முதல் 1.5 பார் வரை காட்டுவது வழக்கம். மிகவும் இறங்கியிருந்தால் பாய்லர் பற்ற மறுக்கும். தயாரிப்பாளரின் புத்தகத்தில் கூறியபடி தண்ணீர் நிரப்பி அழுத்தத்தை உயர்த்தலாம். ஆனால் சில நாட்களுக்குள் மறுபடியும் இறங்குமாயின், எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள்.

கடும் பனி பெய்த இரவுக்குப் பின் பாய்லர் களகளவென்று ஓசையிட்டு நின்றுவிட்டால், வெளிச்சுவரில் இறங்கும் மெல்லிய கழிவுக் குழாய் உறைந்திருக்கலாம். இங்கிலாந்தில் 2005 முதல் புதிதாகப் பொருத்தப்பட்டு வரும் பாய்லர்கள் பெரும்பாலும் புகையிலுள்ள நீராவியையும் குளிர்வித்து உஷ்ணத்தை மிச்சப்படுத்துபவை. அந்தக் கழிவு நீர் செல்லும் குழாய் இது. எட்டும் உயரத்தில் இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரை அதன்மேல் ஊற்றலாம். கொதிக்கும் நீர் கூடாது.

இரண்டாவது கேள்வி: ஒரு குழாய் மட்டுமா, எல்லாக் குழாய்களுமா? ஒன்று மட்டுமானால் பாய்லரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அந்தக் குழாயே பழுது.

மூன்றாவது: அறைச் சூட்டைப் போட்டிருக்கும்போது மட்டும் குழாயில் வெந்நீர் வருகிறதா? அப்படியானால் திருப்பும் வால்வு ஒரு பக்கமாகச் சிக்கிக்கொண்டிருக்கக் கூடும். வேனிற்காலத்தில் குழாயைத் திறக்கும்போதெல்லாம் ரேடியேட்டரும் சூடேறினால், அதே வால்வு சரியாக மூடவில்லை என்று சந்தேகிக்கலாம்.

நான்காவது: முதலில் சூடாக வந்து, பிறகு குளிர்ந்து, மீண்டும் சூடாகிறதா? தகட்டு அடுக்கில் சுண்ணாம்பு படிந்திருக்கலாம். லண்டன் வட்டாரத்தின் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையில் ஊறி வருவது. கெட்டிலின் அடியில் படியும் வெள்ளைப் படலமே அதற்குச் சாட்சி. ஸ்காட்லாந்தின் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானதாகையால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. படிவம் தடித்துவிட்டால் உஷ்ணம் குழாய் ஜலத்துக்குச் செல்ல இயலாமல் பாய்லருக்குள்ளேயே மிகுந்துவிடும். காவல் கருவி உடனே நெருப்பை அணைக்கும். சற்று ஆறியதும் மறுபடி மூட்டும்.

கோளாறே இல்லாத குறை

சில சமயம் பாய்லரில் எந்தப் பழுதும் இராது. 24 கிலோவாட் சக்தியுள்ள பாய்லர், நிமிஷத்துக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீரை 35 டிகிரி உயர்த்தும். கோடையில் 15 டிகிரியில் வரும் ஜலம் 50 ஆகும். குளிர்காலத்தில் 5 டிகிரியில் வருவது 40 தான் ஆகும். அந்த வேளையில் சமையலறையிலும் ஒருவர் குழாயைத் திறந்தால், கிடைப்பதை இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியதே. குழாயைச் சிறிது மூடினால் தண்ணீர் மெதுவாக வரும், சூடாகவும் வரும். மிகவும் மூடிவிட்டாலோ, உணர் கருவி ஓட்டத்தை அறியாது, நெருப்பே பற்றாது!

தொடக்கூடாதது

இவ்வளவும் வெளியிலிருந்து செய்யும் பரீட்சைகள். பெட்டியின் மூடியைக் கழற்றுவது வீட்டாரின் வேலையன்று. பிரிட்டனில் 2009 முதல் 'காஸ் சேஃப்' பதிவேட்டில் பெயருள்ளவர்களே காஸ் வேலை செய்யலாம் என்பது சட்டம். அவர்களிடம் அடையாள அட்டை கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சட்டத்துக்குக் காரணம் உண்டு. காஸ் சரியாக எரியாவிடில் கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் தோன்றி, வெளியே சென்றால் தணியுமாயின், குளிரின் உபாதை என்று அலட்சியம் செய்யலாகாது. பாய்லரை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேறி, உதவிக்கு அழைக்க வேண்டும். இந்த வாயுவை அறிந்து ஒலிக்கும் சிறு எச்சரிக்கை மணி ஒவ்வொரு வீட்டிலும் இருத்தல் நலம்.

இந்த ஆபத்து புதிதன்று. 1868-இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் காஸினால் வெந்நீர் தரும் இயந்திரத்தை அமைத்து, ஐஸ்லாந்து தேசத்து வெந்நீர் ஊற்றின் பெயரால் அதற்கு 'கீஸர்' என்று பெயரிட்டார். அதில் புகை வெளியே செல்ல வழி இல்லை. காற்றோட்டமில்லாத ஸ்நான அறைகளில் காஸ் கீஸர் வைத்து உயிர் துறந்தோரின் செய்தி நம் நாட்டில் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

மெக்கானிக் வரும்போது "வெந்நீர் வரவில்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், அழுத்தமானி காட்டும் அளவு, எந்தக் குழாய், எந்த நேரம், ரேடியேட்டரின் நிலை ஆகிய நான்கையும் ஒரு காகிதத்தில் எழுதி அவரிடம் தாருங்கள். வால்வை மாற்றினாலோ, தகட்டு அடுக்கைச் சுத்தம் செய்தாலோ போதுமான இடத்தில், முழு பாய்லரையும் புதிதாக வாங்கும் செலவை அந்தக் காகிதம் தடுத்துவிடக் கூடும்.