புதிய ஊசியும் உறங்கும் காசநோயும்

மயிலாப்பூர் மாடவீதி ஒன்றில் வசிக்கும், ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார் எங்களிடம் முதன்முதலில் வந்தபோது, காலைக் காபி டம்ளரைக்கூட இரு கைகளாலும் பற்றித்தான் தூக்க முடிந்தது. பதினோரு ஆண்டுகளாக முடக்குவாதம். மெத்தோட்ரெக்ஸேட்டும் ஸ்டீராய்டும் ஓரளவே உதவின. அடலிமுமாப் என்னும் உயிரியல் மருந்தை ஊசியாகத் தொடங்கினோம். இரண்டாம் மாதமே வாசலில் அமர்ந்து கோலம் போட்டு எழுந்தார். நான்காம் மாதத்தில் மாலைதோறும் காய்ச்சல் வந்தது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய பாராசிட்டமாலிலும் ஆன்டிபயாடிக்கிலும் மூன்று வாரங்கள் கழிந்தன. இருமல் இல்லாததால் காசநோயாக இருக்கலாம் என்று வீட்டில் எவரும் எண்ணவில்லை. எடை குறைந்து வயிறு வீங்கிய பிறகே எங்களிடம் வந்தார். வயிற்றின் உள்ளுறையில் காசநோய் பரவியிருந்தது.

அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றியே இதை எழுதுகிறோம். எங்கள் பங்கையும் மறைக்க விரும்பவில்லை. ஊசி தொடங்குமுன் எடுத்த மார்பு எக்ஸ்ரே தெளிவாக இருந்தது; தோல் பரிசோதனையில் தடிப்பு எழவில்லை. ஆனால் அப்போது அவர் ஸ்டீராய்டு உட்கொண்டிருந்தார். ஸ்டீராய்டு அந்தத் தடிப்பை எழவிடாமல் அடக்கிவிடக்கூடும் என்பது எங்களுக்குத் தெரியும். இரத்தப் பரிசோதனையையும் உடன் செய்திருக்க வேண்டும். அவருடைய மாமனார் பல ஆண்டுகளுக்கு முன் தாம்பரம் சானடோரியத்தில் சிகிச்சை பெற்றவர் என்பதை நாங்கள் கேட்கவில்லை. பழைய கதை என்று அவரும் சொல்லவில்லை.

இந்த மருந்துகள் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை அறிந்தால் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பது புரியும். காசநோய்க் கிருமி உடலுக்குள் நுழைந்தவுடன் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. நோய் எதிர்ப்பு அணுக்கள் கிருமியைச் சூழ்ந்து ஒரு சிறு கட்டியாக அரண் கட்டிவிடுகின்றன. அதற்குள் கிருமி இறக்காமல் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கும். அவருக்கும் தொல்லையில்லை, அவரிடமிருந்து பிறருக்கும் பரவாது. அந்த அரணைக் கலையாமல் வைத்திருக்கும் முக்கியப் பொருள்களுள் ஒன்று டிஎன்எஃப் என்னும் புரதம். மூட்டில் வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குவதும் அதே புரதந்தான். இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப், எடனர்செப்ட் ஆகியவை அதைத் தடுக்கின்றன. மூட்டு குளிர்கிறது; அரணும் தளர்கிறது.

இவ்வகை மருந்துகளுள் ஒன்றான இன்ஃப்ளிக்ஸிமாப் அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டு குரோன் நோய்க்கும், மறு ஆண்டு முடக்குவாதத்துக்கும் ஒப்புதல் பெற்றது. 2001இல் அங்குள்ள மருத்துவ ஆய்விதழ் ஒன்றில், அதைப் பெற்றவர்களிடம் கண்டறியப்பட்ட 70 காசநோய்ச் சம்பவங்கள் தொகுத்து வெளியிடப்பட்டன. எழுபதில் நாற்பது பேருக்கு நோய் நுரையீரலுக்கு வெளியே, நிணநீர்க் கட்டி, வயிறு, மூளையுறை போன்ற இடங்களில் இருந்தது. நாற்பத்தெட்டுப் பேருக்கு மூன்று முறையோ அதற்குக் குறைவாகவோ மருந்து ஏறிய நிலையிலேயே நோய் தோன்றியிருந்தது. காசநோய் அரிதாகிவிட்ட நாடுகளிலேயே இந்த நிலை. நம் அம்மையாருக்கு இருமல் வராததும், சில மாதங்களிலேயே நோய் தலைகாட்டியதும் விதிவிலக்கல்ல என்பது இதனால் விளங்கும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய காசநோய்க் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்கு இந்த உறங்கும் தொற்று இருப்பது தெரியவந்தது. அதில் முன்னின்று உழைத்தது சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கிய அந்நிறுவனமே, நோயாளியைச் சானடோரியத்தில் அடைத்து வைக்காமல் வீட்டிலிருந்தபடியே மாத்திரைகளால் குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டியது. சென்னையில் வாழும் நம்மில் பலர் எங்கோ ஒரு பேருந்திலோ, ரங்கநாதன் தெரு நெரிசலிலோ, பள்ளி வகுப்பறையிலோ இக்கிருமியைச் சுவாசித்தவர்களே. தொற்று இருப்பது இழுக்கும் அன்று. வறுமையின் அடையாளமும் அன்று.

“சிறுவயதில் பி.சி.ஜி. போட்டிருக்கிறது, தோளில் தழும்பு இருக்கிறது” என்று பலர் எங்களிடம் சொல்வதுண்டு. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கி, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த பெரிய ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பது தெளிவாயிற்று. குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோய் வகைகளுக்கு எதிராகவே அது பயன்படுகிறது. எனவே தழும்பை நம்பிப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

புதிய மருந்து தொடங்குமுன் நாங்கள் மார்பு எக்ஸ்ரே எடுக்கிறோம். தோல் பரிசோதனையோ, இக்ரா என்னும் இரத்தப் பரிசோதனையோ, தேவைப்பட்டால் இரண்டுமோ செய்கிறோம். மஞ்சட்காமாலை பி, சி வகைகளுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் பார்க்கிறோம். “மூட்டு வலிக்கு வந்தவளுக்கு எச்.ஐ.வி. டெஸ்ட் எதற்கு?” என்று சினந்தவர்களும் உண்டு. ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்துகள், எப்போதோ வந்து போன பி வகைக் கல்லீரல் கிருமியை மீண்டும் எழுப்பி உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கின்றன. தொடங்கிய பின் கண்டுபிடிப்பதைவிட முன்பே அறிந்துகொள்வது எளிது.

உறங்கும் தொற்று இருப்பது தெரிந்தால் புதிய மருந்து கிடையாது என்று பொருளில்லை. தடுப்புச் சிகிச்சை உண்டு. ஐசோனியாசிட் மாத்திரையை நாள்தோறும் ஆறு மாதம் உட்கொள்வது பழைய முறை. ஐசோனியாசிட்டுடன் ரிஃபாபென்டினைச் சேர்த்து வாரம் ஒரு முறையாகப் பன்னிரண்டு வாரங்கள் உட்கொள்வது புதிய முறை. பெரும்பாலும் தடுப்பு மருந்தை ஒரு மாதமாவது உட்கொண்ட பிறகே உயிரியல் ஊசியைத் தொடங்குவோம். ரிஃபாபென்டின் சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். அது இரத்தம் அன்று, அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சிறுநீர் அடர்பழுப்பாகி, பசியற்று, கண் மஞ்சளித்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வாருங்கள்; அது கல்லீரல் பாதிப்பாக இருக்கலாம்.

மலிவு விலை மாற்று மருந்துகளைப் பற்றியும் ஒரு சொல். 2014 டிசம்பரில் அடலிமுமாப்பின் இந்தியப் பதிப்பு வெளிவந்தபோது, அதன் விலை அமெரிக்க விலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக இருந்தது. டோஃபாசிடினிப் என்னும் மாத்திரையையும் இன்று பல இந்திய நிறுவனங்கள் தயாரிக்கின்றன. எட்டாக்கனியாக இருந்தது நடுத்தரக் குடும்பத்துக்கும் கிடைப்பதில் எங்களுக்கு மகிழ்ச்சியே. ஆயினும் ஊசியைக் கண்டு அஞ்சுபவர்கள்கூட மாத்திரைதானே என்று இதை எளிதாக எடுத்துக்கொள்கிறார்கள். பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி விழுங்குகிறார்கள். இம்மாத்திரைக்கும் காசநோய் ஆபத்து உண்டு. சின்னம்மை வந்தவர்களின் நரம்பில் ஒளிந்திருக்கும் கிருமி விழித்து அக்கியாக வெளிப்படுவது இதனால் குறிப்பாக அதிகம்.

அக்கி கண்டால் நம் மக்கள் குயவரிடம் சென்று காவியால் எழுதிக்கொள்வது வழக்கம். அந்த நம்பிக்கையோடு நாங்கள் வழக்காட வரவில்லை. ஆனால் கிருமியை அடக்கும் மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப்பயன் கிடைக்கும். எழுதிக்கொண்டு ஒரு வாரம் காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும். பின்னர் மாதக்கணக்கில் நரம்பு எரிச்சலோடு வாழ நேரிடலாம். கண்ணருகே வந்தால் பார்வைக்கே தீங்கு. அக்கிக்கான உயிரற்ற தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. மாத்திரை தொடங்குமுன் அதைப் பற்றிக் கேளுங்கள்.

குடும்பத்தினர் அறிய வேண்டிய இன்னொன்று: சில மருந்துகள் நோயின் அறிகுறியையே மறைத்துவிடும். டோசிலிசுமாப் பெறுபவருக்குக் கடுமையான தொற்று இருந்தாலும் காய்ச்சல் மிதமாகவே இருக்கலாம், இரத்தத்தில் சி.ஆர்.பி. அளவும் உயராமல் இருக்கலாம். ‘ரிப்போர்ட் நார்மல்’ என்று ஆறுதல் கொள்ளாமல் மனிதரைப் பாருங்கள். சாப்பாடு குறைந்திருக்கிறதா, புடவையோ சட்டையோ தளர்ந்திருக்கிறதா, இரவில் தலையணை நனைகிறதா, கழுத்தில் கட்டி தென்படுகிறதா என்பதை எங்களைவிட முன்னதாக நீங்கள்தான் காண்பீர்கள். காய்ச்சல் இருக்கும் நாளில் அடுத்த ஊசியைப் போட்டுக்கொள்ளாமல், எங்களை அழைத்துக் கேளுங்கள். ஆனால் ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் நீங்களாக ஒரு நாளும் சட்டென நிறுத்தாதீர்கள்.

இளம் பெண்களுக்கும் அவர்களுடைய தாய்மார்களுக்கும் ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது. கருவுற்ற காலத்தில் இன்ஃப்ளிக்ஸிமாப்போ அடலிமுமாப்போ தொடர வேண்டிய நிலை சிலருக்கு உண்டு. மருத்துவரின் கண்காணிப்பில் அது பொதுவாகத் தீங்கற்றது. ஆனால் கடைசி மாதங்களில் மருந்து நஞ்சுக்கொடி வழியே குழந்தையின் இரத்தத்தில் சேர்ந்து, பிறந்த பின்னும் சில மாதங்கள் தங்குகிறது. நம் நாட்டில் குழந்தை பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி.யோ உயிருள்ள கிருமியாலானது. இங்கிலாந்தில் இவ்வாறு மருந்து பெற்ற தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு மூன்றாம் மாதத்தில் பி.சி.ஜி. போடப்பட்டு, அக்கிருமி உடலெங்கும் பரவி, நாலரை மாதத்தில் குழந்தை இறந்தது 2010இல் பதிவாகியுள்ளது. எனவே இத்தகைய குழந்தைகளுக்குப் பி.சி.ஜி.யையும், வாய்வழிச் சொட்டு மருந்து போன்ற பிற உயிருள்ள தடுப்பூசிகளையும் குழந்தை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது; பி.சி.ஜி.யை ஆறு மாதமாவது தள்ளிவைப்பது வழக்கம். உயிரற்ற தடுப்பூசிகளை உரிய காலத்தில் போட்டுவிடலாம்.

சிக்கல் எங்கே என்றால், அடையாற்றில் எங்களிடம் சிகிச்சை பெறும் மகள், வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போய்விடுகிறாள். அங்குள்ள செவிலியர் தம் கடமைப்படி முதல் நாளே பி.சி.ஜி. போடுவார், அவருக்கு ஊசி விவரம் தெரியாது. ஆகவே ஏழாம் மாதத்திலேயே எங்களிடமிருந்து ஒரு கடிதம் பெற்று, பிரசவக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். மருந்தின் பெயரும், கடைசியாக ஊசி போட்ட தேதியும் அதில் இருக்கும். பாட்டியிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.

மயிலாப்பூர் அம்மையாருக்கு அடலிமுமாப்பை நிறுத்திக் காசநோய்ச் சிகிச்சையை முழுமையாக அளித்தோம். அந்த மாதங்களில் மூட்டு வலி திரும்ப வந்தது, பொறுத்துக்கொண்டார். வயிறு சரியாகி எடையும் ஏறிய பின், காசநோயை எழுப்பும் வாய்ப்புக் குறைந்த வேறொரு மருந்தைத் தொடங்கியிருக்கிறோம். இம்முறை வீட்டில் யார் யாருக்கு எப்போது என்ன நோய் இருந்தது என்பதை அவருடைய மகள் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். முதல் வரியில் தாத்தாவின் பெயர் இருந்தது.