பால்மெட்டோவை இனங்காண்பது எப்படி?

பனைமட்டையின் இரு விளிம்பிலும் ரம்பப் பல்போல் இருக்கும் கருக்கை நீங்கள் அறிவீர்கள். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் இயற்கையாக வளரும் பால்மெட்டோக்களை இனங்காணவும் இந்தக் கருக்குத்தான் முதல் அடையாளம்.

பால்மெட்டோ என்பது ஒரே மரத்தின் பெயரன்று. விசிறி ஓலையுடைய நான்கு வகைகளை அங்கு இப்பெயரால் அழைக்கின்றனர். உயரத்தை வைத்துப் பிரித்துவிடலாமே என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல்! உயர்ந்த மரமாகும் சேபல் பால்மெட்டோகூட, இளமையில் பல ஆண்டுகள் தண்டு வெளியே தெரியாமல் புதர்போலவே நிற்கும்.

ஆகவே காம்பைப் பாருங்கள். கருக்கு இருந்தால் அது செரினோவா ரெப்பென்ஸ், அதாவது ரம்பப் பால்மெட்டோ. இதன் தண்டு பெரும்பாலும் தரையோடு படரும். காட்டுத்தீயில் ஓலைகள் கருகினாலும் மீண்டும் துளிர்க்கும். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட புதர்களும் புளோரிடாவில் உண்டு என ஆய்வாளர் கணித்துள்ளனர்.

காம்பு வழவழப்பாக இருந்தால் அது சேபல் இனம். இனி ஓலையைக் கவனியுங்கள். ஏறக்குறையத் தட்டையாக விரிந்து, நடுவே ஆழமாகப் பிளந்திருந்தால் சேபல் மைனர் என்னும் குட்டைப் பால்மெட்டோ. ஈரமான தாழ்நிலங்களில் மிகுதி. காம்பு ஓலைக்குள்ளும் நடுநரம்பாக நீண்டு, ஓலையை வில்போல் வளைத்திருந்தால் மற்ற இரண்டில் ஒன்று. அவற்றுள் சேபல் எட்டோனியா புளோரிடாவின் வறண்ட மணற்காடுகளுக்கே உரியது. தண்டு மண்ணுக்குள் இருக்கும்போதே பூத்துவிடும். பூங்கொத்து ஓலைகளைத் தாண்டி உயர்வதில்லை.

சேபல் பால்மெட்டோவின் மரம் மென்மையான நார் கொண்டது. 1776-இல் சார்ல்ஸ்டன் துறைமுகக் கோட்டையை ஆங்கிலேயக் கப்பல்கள் தாக்கியபோது, இம்மரச் சுவர் பிளவுபடாமல் குண்டுகளை உள்வாங்கிக்கொண்டது. தென் கரோலினாவின் கொடியில் இம்மரம் இடம்பெற்றது இதனால்தான். ஆனால் இதன் குருத்தைக் கறிக்காக வெட்டினால் மரமே பட்டுப்போகும். வளரும் முனை அந்த ஒன்றுதான்.

ரம்பப் பால்மெட்டோவுக்கோ ஆபத்து பழத்தால் வந்தது. முதியவர்களின் புராஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்கு மருந்து என்று அதன் சாறு உலகெங்கும் விற்பனையாகிறது. 2011-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மருந்தில்லாப் போலி மாத்திரையைவிட அது மேலான பலன் தரவில்லை. எனினும் பறிப்பு நிற்கவில்லை. கருங்கரடி முதலிய விலங்குகளுக்கு அப்பழம் முக்கிய உணவு. 2018 முதல் புளோரிடாவில் விற்பனைக்காக அதைப் பறிக்க அரசின் அனுமதிச் சீட்டு வேண்டும்.