பம்ப் பெரிதானால் போதுமா?

பெரிய ஃப்யூயல் பம்ப் மாட்டிய பிறகு கார் திணறினால், பம்பைக் குறை சொல்வதற்கு முன் பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்கள் என்றுதான் முத்தையாபுரத்தில் என் பட்டறைக்கு வருபவர்களிடம் சொல்வேன். பம்ப் தருவது ஓட்டம். அழுத்தத்தை நிர்ணயிப்பது ரெகுலேட்டர். பல பெட்ரோல் கார்களுக்கு 3 பார் அளவில் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கான அளவை சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள்.

ஐடிலில் முள் அதிகம் காட்டி, கரும்புகையும் வந்தால், மிஞ்சும் பெட்ரோல் டேங்குக்குத் திரும்ப வழியில்லை என்று சந்தேகிக்கலாம். பழைய ரிட்டர்ன் குழாய் புது பம்பின் ஓட்டத்தைத் தாங்காமல் போகலாம். ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸுக்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்துவிட்டது.

ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது முள் இறங்கினால் ஃபில்டரைப் பார்ப்பேன். பிறகு, இன்ஜின் ஓடும்போதே பம்ப் முனையில் வோல்ட் அளப்பேன். பெரிய பம்ப் அதிக ஆம்பியர் இழுக்கும்; மெல்லிய பழைய வயர் ஈடுகொடுக்காது. உப்பளங்கள் சூழ்ந்த எங்கள் ஊரில் எர்த் போல்ட் துருப்பிடிப்பதும் சகஜம். பேட்டரியில் 14 வோல்ட், பம்பில் 11 என்றால் வயரிங்கைத்தான் சரிசெய்ய வேண்டும்.

கேஜ் மாட்டுமுன் பம்ப் ஃப்யூஸைக் கழற்றி, இன்ஜின் தானே அணையும்வரை ஓடவிடுங்கள். லைனில் அழுத்தம் இருக்கும்போது குழாயைக் கழற்றினால் பெட்ரோல் பீய்ச்சியடிக்கும். சூடான இன்ஜினில் பட்டால் தீப்பிடிக்கும்.