நகல் இருக்கிறதா உங்களிடம்?

உங்கள் வீட்டுக் கணிப்பொறி இன்றிரவு பழுதாகிவிட்டால் எவற்றையெல்லாம் இழப்பீர்கள் என்று சற்றே எண்ணிப் பாருங்கள். மகளின் நிக்காஹ் படங்கள், மறைந்த பெரியவரின் குரல் பதிவு, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் படி, கடைக் கணக்கு... கணிப்பொறியை மீண்டும் வாங்கிவிடலாம். இவற்றை எந்தக் கடையில் வாங்குவது?

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை கடலோரம் வாழ்வோர்க்கு இது வெறும் கற்பனை அன்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை, 2015 டிசம்பரில் பெருவெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை என வடசென்னை அடுத்தடுத்துத் துயர் கண்டது. மிக்ஜாமின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தில் கலந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. வீடுகளுக்குள்ளும் அது புகுந்தது. அத்தகைய நீரில் மூழ்கிய பெட்டியிலிருந்து எதை மீட்பது?

2015 வெள்ளத்துக்குப் பின் அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி, இழந்த ஆவணங்களுக்கு மாற்றுப் படிகள் வழங்கியதை நீங்கள் அறிவீர்கள். அது எவ்வாறு இயன்றது? மூலப் பதிவேடு வேறோர் இடத்தில் இருந்ததனால்தான். உங்கள் குடும்பப் படங்களுக்கு அத்தகைய பதிவேடு எந்த அலுவலகத்திலும் இல்லை. அதை நீங்களே உண்டாக்க வேண்டும்.

மூன்று, இரண்டு, ஒன்று

இதற்கு எளிய விதி ஒன்று உண்டு. அமெரிக்க நிழற்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரவலாக்கிய விதி அது. முக்கியமான கோப்பு எதுவாயினும் மூன்று படிகள் இருக்கட்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒரு படியாவது வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

எதில் வைப்பது?

பென் டிரைவ் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கொண்டு செல்ல ஏற்றது. ஆண்டுக்கணக்கில் காத்து வைக்க ஏற்றதன்று. மின்சாரம் படாமல் நெடுங்காலம் கிடந்தால் அதிலுள்ள பதிவு மங்கிப் போகக்கூடும், தொலைவதும் எளிது.

வெளியே இணைக்கும் ஹார்டு டிஸ்க்கில் ஒரு குடும்பத்தின் படங்கள் அனைத்தையும் அடக்கலாம். ஆனால் கீழே விழுந்தால் கெடும். அதை எப்போதும் கணிப்பொறியோடு இணைத்தே வைப்பதும் தவறு. 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை போன்ற நச்சு நிரல்கள், இணைந்திருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். வேலை முடிந்ததும் கழற்றி, கடற்காற்று படாத இடத்தில் மூடி வையுங்கள்.

இணையச் சேமிப்பு வெள்ளத்துக்கு அஞ்சாது. ஆயினும் இலவசம் என்பது நிலையானதன்று. படங்களை வரம்பின்றி இலவசமாய் வைக்கும் வசதியைக் கூகுள் நிறுவனம் 2021இல் நிறுத்தியது. ஈராண்டுகள் பயன்படுத்தாத கணக்குகளை நீக்கும் விதியை 2023இல் அறிவித்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். கைப்பேசியோடு ஒத்திசைந்து இயங்கும் சேமிப்பில், ஓரிடத்தில் அழித்த படம் மற்ற இடத்திலும் அழியும். அதை மட்டும் நம்பி நகல் இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள்.

அரசு 2015இல் தொடங்கிய டிஜிலாக்கர், ஓட்டுநர் உரிமம் போன்ற ஆவணங்களுக்கு உதவும். குடும்பப் படங்களைக் காக்கும் வேலையை அதனிடம் விட முடியாது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

நடுத்தரக் குடும்பத்துக்கு இவ்வளவு போதும்: கணிப்பொறியில் ஒன்று, ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. வெளிப்படிக்கு இணையச் சேமிப்பைக் கொள்ளலாம். பெண்களின் படங்களை இணையத்தில் ஏற்றத் தயங்கும் குடும்பங்கள் உண்டு, அத்தயக்கம் நியாயமானதே. அவர்கள் இன்னொரு டிஸ்க்கைக் கடவுச்சொல்லால் பூட்டி, வாணியம்பாடியிலோ மேல்விஷாரத்திலோ உள்ள உறவினரிடம் கொடுத்து வைக்கலாம். அடுத்த தெருவிலுள்ள தமக்கை வீடு போதாது. இங்கு வரும் வெள்ளம் அங்கும் வரும்.

கடவுச்சொல்லைக் குடும்பத் தலைவர் மட்டும் மனத்தில் வைத்திருப்பது பெருந்தவறு. அவருக்கு ஒன்று நேர்ந்துவிட்டால், மனைவி மக்கள் தம் சொந்தப் படங்களையே திறக்க இயலாமல் தவிப்பர். வீட்டில் இன்னொருவரேனும் அதை அறிந்திருக்க வேண்டும்.

நகல் எடுத்ததோடு கடமை முடிந்துவிடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிஸ்க்கை இணைத்துச் சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறக்காத நகல், நகலே அன்று.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன் ஒரு விடுமுறை நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொண்டு, மீண்டும் பெற முடியாதவை எவையோ அவற்றுக்கு முதலில் நகல் எடுங்கள். மற்றவை பின்னர் ஆகட்டும்.