அசலில் கை வைக்காத திருத்தம்

ஆடிப்பெருக்கை ஒட்டி, சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அதில் ஒரே முருகன் படத்தை விருதுநகர் வத்தல் மண்டிக்காரரும் கேட்பார், திருச்சி நகைக்கடைக்காரரும் கேட்பார். ஒருவருக்குப் பின்னணி நீலம் குறைய வேண்டும், மற்றவருக்கு அது தூக்கலாக வேண்டும். டிசைனர் இருவருக்கும் தலையாட்டுவார். அந்தத் துணிச்சலைத் தருவதுதான் ‘நான்-டிஸ்ட்ரக்டிவ் எடிட்டிங்’.

ஃபிலிம் காலத்து ஸ்டுடியோக்களில் டச்சிங் என்றால் நெகட்டிவ் மேலேயே பென்சிலால் தீட்டுவார்கள், பிளேடால் சுரண்டுவார்கள். சுரண்டியது சுரண்டியதுதான். 1990இல் வந்த ஃபோட்டோஷாப்பும் முதலில் ஏறக்குறைய அப்படித்தான். லேயர் 1994இல்தான் வந்தது, அட்ஜஸ்ட்மென்ட் லேயர் 1996இல். இந்த இரண்டாவது லேயரில் படமே இருக்காது. ‘கீழே உள்ள நீலத்தை இவ்வளவு குறை’ என்ற கட்டளை மட்டும் இருக்கும். பக்கத்திலுள்ள கண் குறியை அழுத்தினால் பழைய நீலம் அப்படியே திரும்பிவிடும்.

மாஸ்க் அதைவிட அழகு. மயில்தோகையின் ஓரத்தை இரேசரால் அழித்து சேவ் செய்துவிட்டால் அந்தப் பிக்சல்கள் போயின. மாஸ்க்கில் கறுப்பு பூசினால் தோகை மறையும், வெள்ளை பூசினால் மீண்டும் தெரியும், சாம்பல் பூசினால் பாதி தெரியும்.

வாணவெடியைப் படம் எடுப்பவர்கள் கேமராவிலேயே இதைத் தொடங்க வேண்டும். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 14 பிட் ரா கோப்பில் 16,384. ஸ்ட்ரான்ஷியம் தரும் சிவப்பும் பேரியம் தரும் பச்சையும் வெளிச்சம் மிஞ்சி வெளுத்திருந்தால், ரா கோப்பில் ஓரளவு மீட்கலாம். சென்சாரே நிரம்பி வழிந்திருந்தால் எந்த மென்பொருளாலும் முடியாது. லைட்ரூம், இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள் இரண்டுமே ரா படத்தைத் தொடுவதில்லை. செய்த மாற்றங்களை லைட்ரூம் தன் கேட்லாகில் குறித்துக்கொள்ளும்; டார்க்டேபிள் படத்தின் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்ற குட்டிக் கோப்பிலும் எழுதிவைக்கும். அவற்றையும் பேக்கப் எடுங்கள். இல்லாவிட்டால் படம் மிஞ்சும், உழைப்பு மிஞ்சாது.

பலர் கோட்டை விடுவது அச்சுக்கு அனுப்பும்போது. திரையில் பளீரென்று தெரியும் பச்சையையும் நீலத்தையும் ஆஃப்செட்டின் நான்கு மைகளால் முழுதாகக் கொண்டுவர முடியாது. சிஎம்ஒய்கே-க்கு மாற்றி சேவ் செய்தால் அந்த நிறங்கள் வெட்டுப்படும். திரும்ப ஆர்ஜிபி ஆக்கினாலும் வராது. ஆகவே மாற்றுவதும், லேயர்களை ஃபிளாட்டன் செய்வதும் நகலில் மட்டும். பிளேட்டுக்குப் போகும் கோப்புக்கு வேறு பெயர் கொடுத்து ‘சேவ் ஆஸ்’ செய்துவிட்டுத்தான் மற்ற வேலை.