மன்னர் கல் சுமந்த மடம்

பிரான்சு நாட்டின் தலைநகராம் பாரிசுக்கு வடக்கே, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், ருவாயோமோன் என்னும் பழம்பெரும் துறவுமடம் அமைந்துள்ளது. 'அரசமலை' என்பது அப்பெயரின் பொருள். இன்று அங்குத் துறவியர் எவரும் வாழவில்லை. இசைவாணரும், நடனக் கலைஞரும், அறிஞரும் கூடிப் பயிலும் கலைமன்றமாக அது விளங்குகின்றது. செபத்திற்கென எழுந்த இல்லம் கலைக்கென ஆனது எவ்வாறு? அவ்வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

அரசரின் கைம்மணம்

1228-ஆம் ஆண்டில் இம்மடத்திற்கு அடிகோலியவர் ஒன்பதாம் லூயி மன்னர். அப்போது அவருக்கு வயது 14. மறைந்த தந்தையின் விருப்பத்தை, அன்னை பிளான்சு அரசியாரின் துணையோடு அவர் நிறைவேற்றினார். சிஸ்டர்சியன் சபைத் துறவியருக்காக எழுப்பப்பெற்ற அதன் ஆலயம் 1235-இல் அபிடேகம் செய்யப்பெற்றது. 100 மீட்டருக்கு மேல் நீண்ட பேராலயம் அது.

கட்டட வேலை நடந்தபோது இளம் மன்னர் துறவியரோடு தாமும் கல் சுமந்தார் என்பர். உணவறையில் துறவியருக்குப் பந்தி பரிமாறினார். தொழுநோயால் தனித்து வைக்கப்பட்டிருந்த லெழே என்னும் துறவியைத் தேடிச் சென்று, முழந்தாளிட்டுத் தம் கையாலேயே உணவூட்டினார். இவரையே 1297-இல் திருத்தந்தை எட்டாம் போனிப்பாசு புனிதராக அறிவித்தார்.

உள்ளே தொடங்கிய தளர்ச்சி

இத்தகைய மடம் வீழ்ந்தது பகைவரால் மட்டுமன்று. பிற்காலத்தில், மடத்திலே வாழாத பெருமக்களுக்கு அதன் தலைமைப் பட்டத்தை அரசர்கள் வழங்கினர். கர்தினால் மசரேன் அவர்களுள் ஒருவர். வருவாய் வெளியே சென்றது. துறவியர் தொகை குறைந்தது. 1789-இல் புரட்சி வெடித்தபோது ஒரு சிலரே எஞ்சியிருந்தனர்.

1791-இல் மடம் விற்கப்பட்டது. வாங்கிய பிரபு, ஆலயத்தை இடித்து, அக்கற்களைக் கொண்டு தொழிலாளர் குடியிருப்பைக் கட்டினார். மடம் பருத்தி ஆலையாயிற்று. புனிதர் சுமந்த கற்கள் வீட்டுச் சுவர்களாயின! பேராலயத்தில் இன்று நிமிர்ந்து நிற்பது ஒரு மூலைக் கோபுரமே.

நமக்கும் உறவுண்டு

ஆலை நொடித்தபின், 1864-இல் அமலமரித் தியாகிகள் சபையினர் அவ்விடத்தைப் பெற்றனர். 1869-இல் போர்தோ திருக்குடும்பக் கன்னியரின் நவசந்நியாச இல்லம் அங்கு அமைந்தது. இவ்விரு சபைகளையும் தமிழ் மக்கள் நன்கறிவர். யாழ்ப்பாணத்தில் மறைப்பணியாற்றியவர்கள் அமலமரித் தியாகிகள். 1862-இல் அங்கு வந்து பெண்கல்விக்கு விளக்கேற்றியவர்கள் திருக்குடும்பக் கன்னியர். நம் பாட்டிமாருக்கு எழுத்தறிவித்த சபையே, தன் இளம் கன்னியரை அந்தத் தொலைநாட்டு மடத்தில் பயிற்றுவித்தது. ஆலையால் உருக்குலைந்திருந்த கட்டடங்களைச் செப்பனிட்டு, அங்கே மீண்டும் செப ஒலி கேட்கச் செய்தவர்களும் அவர்களே. ஆயினும் துறவற சபைகளுக்கு எதிரான சட்டங்களின் விளைவாக, 1905-இல் அவர்கள் வெளியேற நேர்ந்தது. கூயேன் என்னும் தொழிலதிபர் குடும்பம் மடத்தை வாங்கியது.

மருத்துவமனையும் இசை மன்றமும்

முதல் உலகப்போர் மூண்டது. ஸ்காட்லாந்து மருத்துவர் எல்சி இங்கிலிசு அம்மையார் பெண் மருத்துவர் குழுவொன்றை அமைத்துத் தம் அரசுக்கு உதவ முன்வந்தார். அரசு மறுத்தது; பிரான்சு ஏற்றது. 1915 முதல் 1919 வரை இம்மடம் போர்க்கால மருத்துவமனையாக இயங்கியது. அறுவை மருத்துவர் முதல் பணியாளர் வரை ஏறக்குறைய அனைவரும் பெண்களே. பிரான்சிசு ஐவன்சு அம்மையாரின் தலைமையில் ஏறத்தாழ 11,000 நோயாளிகள் அங்குச் சிகிச்சை பெற்றனர். லெழேயின் பசியாற்றிய இடத்தில் மீண்டும் நோயாளிகள் பேணப்பெற்றனர்.

பின்னர், கூயேன் குடும்பத்து ஆன்றி, தம் மனைவி இசபெல்லோடு மடத்தைக் கலைஞருக்குத் திறந்துவிட்டார். 1936-இல் பழைய உணவறையில் இசை நிகழ்ச்சி நடந்தது. இசபெல்லின் உடன்பிறந்தவரான பியானோக் கலைஞர் பிரான்சுவா லாங் அதற்குத் தூண்டுகோலாயிருந்தார். யூதரான அவர், 1944-இல் நாசிகளின் கொடுமைக்கு இரையானார். 1964-இல் அத்தம்பதியர் மடத்தை அறக்கட்டளையிடம் ஒப்படைத்தனர். தங்கள் உடைமையாகவே வைத்திருக்க வழியிருந்தும், பொதுநலனுக்கு ஈந்தனர்.

நாம் கொள்ளும் பாடம்

திருப்பலி நடந்த இடத்தில் பாழ்வெளியைக் காண நம் நெஞ்சம் வருந்துகின்றது. அவ்வருத்தம் நியாயமானதே. எனினும் எஞ்சிய சுவர்கள் எவ்வாறு பிழைத்தன? தனக்கென வருவாய் தேடியோர் கையில் அம்மடம் தேய்ந்தது. பிறருக்கென உழைத்தோர் கையில் உயிர்பெற்றது. துறவியரும், கன்னியரும், மருத்துவரும், கலையன்பரும் வெவ்வேறு வழியில் அதனைக் காத்தனர்.

முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற ஆலயங்களும் பள்ளிகளும் நம் ஊர்களிலும் உண்டு. அவை வெறும் சொத்தா, பிறருக்கான பணியா? நம் பங்குகளிலும் குடும்பங்களிலும் இக்கேள்வியை நாம் கேட்டுக்கொள்வது நலம்.